கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு புத்தகம்

படித்து முடித்த புத்தகத்தை ரயில் நிலைய இருக்கையிலோ பூங்காவிலோ தேநீர்க் கடையிலோ வைத்துவிட்டு, முன்பின் அறியாத ஒருவர் எடுத்துச் சென்று படிக்கட்டும் என்று வந்துவிடுவதை உலகின் பல ஊர்களில் ஏராளமானோர் பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். சில ஆண்டுகளாக நானும் சென்னையில் இதைச் செய்து வருகிறேன். புத்தகத்தைப் பிரிய மனம் வருவதுதான் இதில் கடினமாக இருக்கும் என்று கேட்பவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அலமாரிகள் நிரம்பி, கட்டிலுக்கு அடியிலும் புத்தகம் அடுக்கியிருக்கிற வீட்டில் வாழ்பவனுக்கு அது அப்படியொன்றும் பெரிய துறவு இல்லை. அதைக் கண்ணால் காணும் அந்நியரை, இது தனக்காகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது என்று நம்ப வைப்பதுதான் பெரும்பாடு.

அவர் நம்பத் தயங்குவதற்கு நியாயங்கள் நிறைய உண்டு. கேட்பாரற்றுக் கிடக்கும் எந்தப் பொருளையும் தொடக் கூடாது, கண்டால் உடனே காவலர்களிடம் தெரிவிக்க வேண்டும் என்று நம் ரயில் நிலையங்களில் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, இருக்கையில் தனியாகக் கிடக்கும் பையைக் கண்டால் நாலடி தள்ளி உட்காரப் பழகியிருக்கிறது. புத்தகம் அந்த அளவுக்கு அச்சுறுத்தாது என்றாலும், அதற்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், எந்த நேரமும் அவர் மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவரக்கூடும் என்ற எண்ணம் பார்ப்பவருக்கு இயல்பாகவே எழுகிறது. சட்டமும் அவருடைய தயக்கத்தின் பக்கமே நிற்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தன் 71ஆம் பிரிவில், பிறருக்குச் சொந்தமான பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்பவருக்கு, பத்திரமாக வைத்திருக்கும்படி ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பெற்றுக்கொண்டவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு என்கிறது. ஆக, நடைமேடையில் கிடக்கும் நாவலை எடுத்துப் பையில் போட்டுக்கொள்பவர், அதன் வாசகர் ஆவதற்கு முன்பே அதற்குக் காவல்காரர் ஆகிவிடுகிறார். சொந்தக்காரரே மனமுவந்து விட்டுச் சென்றது என்பது புத்தகத்தின் மேலேயே தெளிவாகத் தெரிந்தால்தான் அந்தப் பொறுப்பிலிருந்து அவருக்கு விடுதலை.

நம் ஊரில் இந்தத் தயக்கம் இன்னொரு வடிவத்திலும் வரும். கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். குரோம்பேட்டை நடைமேடையில் ஒரு மாலை, சிறுகதைத் தொகுப்பு ஒன்றை இருக்கையின் ஓரத்தில் வைத்துவிட்டு, தாம்பரம் வண்டியைப் பிடிக்க எழுந்து சில அடிகள் நடந்திருப்பேன். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த அம்மாள், நாரின் நுனியைப் பல்லில் கடித்தபடியே, “தம்பி, பொஸ்தகத்த வுட்டுட்டுப் போற பாரு” என்றார். திரும்பி வந்து, “யாராவது எடுத்துப் படிக்கட்டும்னுதாம்மா வெச்சிருக்கேன்” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “படிக்கிறவங்க காசு குடுத்து வாங்கிக்க மாட்டாங்களா?” என்று கேட்டார். பிறகு என்ன தோன்றியதோ, புத்தகத்தைத் தன் பக்கமாக நகர்த்தி, அதன்மேல் சிந்தியிருந்த தண்ணீரை முந்தானையால் துடைத்து, “சரி, யாருனா கேட்டா எட்துக்கினு போவச் சொல்றேன்” என்றார். நான் அட்டையில் ஒட்டியிருந்த அச்சிட்ட தாளை அவர் படிக்கவில்லை. ஆனால் அந்தத் தாள் செய்ய வேண்டிய வேலையை அது செய்திருக்கக்கூடியதைவிட நன்றாக அவரே ஏற்றுக்கொண்டார். இதைப் பற்றிய என் எண்ணங்கள் எல்லாம் ஏறக்குறைய அங்கிருந்துதான் கிளைக்கின்றன. தனியே கிடக்கும் புத்தகத்துக்கு ‘இது உனக்குத்தான்’ என்று சாட்சி சொல்ல ஏதாவது ஒன்று வேண்டும். அந்தச் சாட்சியைத் தேடிய கதையாகவே இந்த வழக்கத்தின் வரலாறு முழுவதையும் படிக்கலாம்.

இதற்கு உலகளாவிய ஒரு முறையை ஏற்படுத்தியவர் அமெரிக்காவில் மென்பொருள் தொழிலில் இருந்த ரான் ஹார்ன்பேக்கர். 2001ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் தன் கூட்டாளிகளுடன் ‘புக்கிராசிங்’ என்ற இணையதளத்தைத் தொடங்கினார். டாலர் நோட்டின் வரிசை எண்ணைப் பதிந்து, அது எந்தெந்த ஊர்களுக்குக் கைமாறிப் போகிறது என்று பின்தொடரும் தளம் ஒன்று அதற்கு முன்பே அமெரிக்காவில் இருந்தது. பணத்துக்குச் செய்வதைப் புத்தகத்துக்குச் செய்தால் என்ன என்பதுதான் அவருக்குத் தோன்றிய யோசனை. பணம் தானாகவே கைமாறும்; அதை யாரும் வீட்டு அலமாரியில் அடுக்கி வைத்துத் தூசி தட்டுவதில்லை. புத்தகத்தைக் கைமாற வைக்க ஒரு தூண்டுதல் வேண்டியிருந்தது. படி, பதிவு செய், வெளியே விடு என்று மூன்றே கட்டளைகளில் அவர் அதை அமைத்தார். பதிவு செய்யும் ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் கிடைக்கும். அந்த எண்ணை எழுதிய சீட்டை உள்ளே ஒட்டி, கைகால் முளைத்து ஓடும் மஞ்சள் புத்தகத்தின் படத்தை அட்டையில் ஒட்டி, ஒரு பொது இடத்தில் வைத்துவிட வேண்டும். கண்டெடுப்பவர் அந்த எண்ணைத் தளத்தில் இட்டால், யார் எங்கே வைத்தார், அதற்கு முன் யாரெல்லாம் படித்தார்கள், என்ன நினைத்தார்கள் என்ற முழுப் பயணக் குறிப்பும் வரும். அதன் அடியில் தன் வரியையும் சேர்த்துவிட்டு மறுபடி எங்காவது வைக்கலாம். தன் பெயரைச் சொல்ல வேண்டியதும் இல்லை.

தளம் வளர்ந்த விதம் வியப்புக்குரியதுதான். உறுப்பினர் எண்ணிக்கை 20 லட்சத்தை நெருங்கியது. பதிவான புத்தகங்கள் ஒரு கோடியைத் தாண்டின. 130க்கும் மேற்பட்ட நாடுகளில் அவை உலவின. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில், 2007இல் அந்நாட்டுத் தேசிய நூலக வாரியமே இதைக் கையில் எடுத்து, நாடெங்கும் சுமார் 2,000 இடங்களைப் புத்தகம் விட்டுச் செல்வதற்கும் எடுத்துக்கொள்வதற்குமான இடங்களாக அறிவித்தது. தெருவில் குப்பை போட்டால் தண்டம் கட்ட வேண்டிய ஊரில், இந்த இடத்தில் நீங்கள் விட்டுச் செல்லும் பொருள் குப்பை ஆகாது என்று ஒரு அரசு வாரியமே சொல்வது எனக்கு மிகப் பிடித்த செய்தி. அங்கே சாட்சி சொன்னது அரசாங்கம்.

ஆனால் புத்தகத்துக்குள் ஒட்டும் அந்தத் தனி எண் வேறொரு வேலையையும் செய்துவிடுகிறது. கொடுத்தவருக்குத் தகவல் வேண்டும் என்ற ஆசையை அது வளர்த்துவிடுகிறது. வெளியே விடப்படும் புத்தகங்களில் பெரும்பகுதியைப் பற்றி ஒரு வரிகூடத் திரும்பி வருவதில்லை என்பதை இதில் ஈடுபட்ட எல்லோரும் அறிவார்கள். கண்டெடுத்தவர் படித்துக்கொண்டிருக்கலாம், படிக்காமல் வைத்திருக்கலாம், இணையத்தில் எண்ணைத் தட்டச் சோம்பல் பட்டிருக்கலாம், துப்புரவுப் பணியாளர் எடுத்துச் சென்றிருக்கலாம். வராத செய்திக்காகக் காத்திருந்து சலித்துப் பலர் விலகியிருக்கிறார்கள். கிடைத்தவர் வந்து கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் அது கொடை என்பதைவிடக் கடன் என்பதற்கே நெருங்கி வருகிறது என்பது என் கட்சி. நான் எண் இடுவதில்லை.

லண்டன் சுரங்க ரயில்களில் 2012 முதல் ஒரு குழு முறையாகப் புத்தகங்களை வைத்து வருகிறது. 2016 நவம்பரில் நடிகை எம்மா வாட்சன் அவர்களுடன் சேர்ந்து, அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவின் தன்வரலாற்று நூல் ஒன்றின் 100 பிரதிகளைத் தன் கைப்பட எழுதிய குறிப்புகளுடன் நிலையங்களில் ஒளித்து வைத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதைப் பார்த்து வேறு நாடுகளிலும் பலர் தொடங்கினார்கள். 2017இல் தில்லி மெட்ரோவில் ஒரு தம்பதி தொடங்கியதும் அந்த வரிசையில் வந்ததுதான். உள்ளே நுழையும்போதே பையைச் சோதனைக் கருவிக்குள் அனுப்பி, உடலையும் தடவிப் பார்த்து அனுப்பும் இடத்தில், இருக்கையில் ஒரு பொருளை வேண்டுமென்றே விட்டுச் செல்வதற்கு உண்மையிலேயே துணிச்சல் வேண்டும். அவர்கள் புத்தகத்தின் மேல் ஒட்டும் பளிச்சென்ற ஒட்டுத்தாள்தான் அவர்களுடைய ஒரே அனுமதிச் சீட்டு. நடிகையின் கதையில் எனக்கு ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. எங்கே வைத்திருக்கிறார் என்று தேடி ஓடுபவர்கள் அவருடைய கையெழுத்தைத் தேடித்தான் ஓடுகிறார்கள். எதையும் தேடாமல் போய்க்கொண்டிருந்தவருக்கு ஒரு புத்தகம் எதிர்ப்படுவது வேறு விஷயம். இருந்தாலும், அந்தக் குறிப்புகளைப் படித்த பிறகு இது யாரோ தொலைத்த புத்தகமோ என்ற ஐயம் ஒருவருக்கும் வந்திருக்காது.

ஐரோப்பியர்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள். கிளெக், குட்மன் என்ற இரு கலைஞர்கள் 1991இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலும், 1993இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும், பூட்டும் இல்லாமல் நூலகரும் இல்லாமல் தெருவில் திறந்த புத்தக அலமாரிகளை நிறுவினார்கள். ஹாம்பர்க்கில் அதற்காக அவர்கள் எடுத்துக்கொண்டவை தெருவோர மின்பகிர்வுப் பெட்டிகள். கலைப் படைப்பாகத் தொடங்கியது பிறகு நகராட்சிகளின் வழக்கமாயிற்று. பான் நகரில் 2003இல் நிறுவப்பட்ட கண்ணாடிக் கதவு அலமாரிக்குப் பிறகு ஜெர்மனியில் இப்படிப்பட்ட அலமாரி இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. இங்கிலாந்தில், கைபேசி வந்த பிறகு யாரும் சீண்டாத சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளை ஊர்க்காரர்களுக்கு ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார்கள். சாமர்செட் மாவட்டத்தின் வெஸ்ட்பரி-சப்-மென்டிப் கிராமத்தார் 2009இல் தங்கள் கூண்டில் பலகைகளை அடித்துப் புத்தகங்களை அடுக்கினார்கள். அதே 2009இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஹட்சன் ஊரில், டாட் போல் என்பவர், ஆசிரியையாக இருந்து மறைந்த தன் தாயின் நினைவாக, ஓரறைப் பள்ளிக்கூடம் போன்ற ஒரு சிறு மரப்பெட்டியைச் செய்து, கம்பத்தின் மேல் வைத்து, வீட்டு வாசலில் நட்டார். எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் கொடையால் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் எழுந்த 2,509 நூலகங்களைவிட ஒன்றாவது கூடுதலாகப் பெட்டிகள் நட வேண்டும் என்று அவரும் நண்பரும் ஒரு இலக்கு வைத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே அது கைகூடியது. போல் 2018இல் மறைந்தார். பெட்டிகள் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

பெட்டி வந்ததும் ஐயம் போய்விட்டது. பெட்டிக்குள் இருப்பது எடுத்துக்கொள்வதற்கு என்பதைப் பெட்டியே சொல்லிவிடுகிறது. மழைக்கும் கவலை இல்லை. எண்ணிக்கையைப் பார்த்தால் பெட்டிதான் வென்றது என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனாலும் பெட்டியைத் திறப்பவர் ஏற்கெனவே புத்தகம் தேடுகிறவர். எதையோ எதிர்பார்த்துக் கைபேசியில் விரலைத் தேய்த்துக்கொண்டு நிற்பவரின் இடப்பக்கத்தில் ஒரு நாவல் வந்து கிடப்பதில் இருக்கும் குறும்பு பெட்டிக்குள் இல்லை. வாசகர் அல்லாதவருக்கு முன்னால் புத்தகம் போய் நிற்பது இந்த ஒரு வழியில்தான் நடக்கிறது என்பதால்தான் நான் இன்னும் இருக்கைகளை விடாமல் இருக்கிறேன்.

‘நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமே’ என்ற கேள்வி வராத நாள் இல்லை. நியாயமான கேள்வி. பொது நூலகங்களுக்கென்று 1948இல், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் சட்டம் இயற்றியது அன்றைய சென்னை மாகாணம். சொத்துவரி கட்டும் ஒவ்வொருவரும் அதனுடன் நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். கிளை நூலகங்களுக்கும் நான் கொடுப்பதுண்டு. பாடநூல்கள், அகராதிகள், கனத்த தொகுதிகள் எல்லாம் அங்கேதான் போக வேண்டும், அங்கேதான் அவை பயன்படும். ஆனால் நூலகத்தின் படியேறுவதற்கே கூச்சப்படுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். கையெழுத்துப் போட வேண்டும், உறுப்பினர் ஆக வேண்டும், குறித்த நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற நினைப்பிலேயே நின்றுவிடுகிறவர்களுக்குத் திருப்பித் தர வேண்டாத புத்தகம் ஒரு வசதி.

விலையில்லாத புத்தகம் என்றதும் நம் மக்களுக்கு வேறொரு ஐயமும் வரும் என்பதைச் சொல்லியாக வேண்டும். பொது இடத்தில் இலவசமாகக் கிடைக்கும் அச்சிட்ட தாள் எதுவாக இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு மதமோ ஒரு கட்சியோ ஒரு வைத்திய முறையோ இருக்கும் என்பது நம் அனுபவம். அந்நியருக்காகப் புத்தகத்தை விட்டுச் செல்வதில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் கிதியோன்கள் என்ற கிறிஸ்தவ அமைப்பினர்; 1908இல் மொன்டானா மாநிலத்தின் ஒரு விடுதியில் தொடங்கி, விடுதி அறைகளின் மேசை இழுப்பறைகளில் அவர்கள் பைபிளை வைத்துக்கொண்டே வருகிறார்கள். அவர்களுடைய நோக்கம் வெளிப்படையானது, அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. நான் வைக்கும் புத்தகத்துக்கு அப்படியொரு நோக்கம் இல்லை என்பதை எடுப்பவர் அறிய வேண்டும் என்பதுதான் என் கவலை. அதனால் ஆன்மிகம், அரசியல், தன்னம்பிக்கை, உடல்நலம் ஆகியவை எவ்வளவு நல்ல நூல்களாக இருந்தாலும் நான் வைப்பதில்லை. சிறுகதை, குறுநாவல், பயணக் கட்டுரை, துப்பறியும் கதை, சிறுவர் கதை இவைதான். பல பாகங்கள் கொண்ட நாவலின் இரண்டாம் பாகத்தை மட்டும் வைப்பது ஒருவருக்குச் செய்யும் தீங்கு.

ஒட்டுத்தாளில் என்ன எழுதுவது என்பதை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறேன். இப்போதைய வாசகம் இது: “இது தொலைந்துபோன புத்தகம் இல்லை. நீங்கள் எடுத்துச் செல்லலாம். படித்த பிறகு வைத்துக்கொள்ளலாம், அல்லது இதேபோல வேறெங்காவது வைத்துவிடலாம். பணம் வேண்டாம். எந்த அமைப்பும் இதற்குப் பின்னால் இல்லை.” இது முன்னட்டையின் மேல்பகுதியில், ஐந்தடி தொலைவில் நிற்பவர் குனியாமலே படிக்கும் அளவு எழுத்தில் இருக்க வேண்டும், உள்ளே ஒட்டினால் பயனில்லை, ஏனென்றால் தனக்குச் சொந்தமில்லாத புத்தகத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆசிரியரின் பெயரையும் தலைப்பையும் மறைக்கக் கூடாது. பசைத்துண்டுச் சீட்டுகள் மின்விசிறிக் காற்றுக்கே பறந்துவிடுவதால் முழுதாக ஒட்டும் தாளே உதவும். கைபேசி எண் கூடாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் திறந்தவெளியில் எதையும் வைக்காமல் இருப்பதே நல்லது. வைத்தே தீர வேண்டுமென்றால் இழுத்து மூடும் ஞெகிழி உறையில் போட்டு வைக்கலாம் என்று வெளிநாட்டு அன்பர்கள் செய்கிறார்கள், ஆனால் உறைக்குள் இருக்கும் புத்தகம் இன்னும் அதிகமாகத் தொலைந்த பொருள் போலத் தெரிகிறது.

இவ்வளவுக்கும் பிறகு, நம் ஊருக்கு மிகப் பொருத்தமான இடங்கள் ரயிலும் பூங்காவும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தேநீர்க் கடையில் ஒரே ஒரு தினத்தந்தியை ஐந்து பேர் ஐந்து தாள்களாகப் பிரித்து, ஆளுக்கொன்றாகப் படித்து, “அண்ணே, அந்த நடுப்பக்கம் குடுங்க” என்று கைமாற்றிக்கொள்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே பெஞ்சின் மேல் கிடக்கும் அச்சுத்தாள் எல்லோருக்கும் பொது என்பது யாரும் சொல்லாமலே நிலைபெற்ற விதி. அந்த விதியின் நிழலில் ஒரு புத்தகத்தை வைத்தால் ஒட்டுத்தாள்கூட அவ்வளவாகத் தேவைப்படாது. ஆபத்தும் உண்டு, கடைக்காரருக்குச் சொல்லாமல் வைத்தால், வடை மடிக்கத் தாள் தீர்ந்த நேரத்தில் முதல் அத்தியாயம் போய்விடும். சொல்லி வைத்தால் அவரே காவல். முடிதிருத்தும் கடை இன்னும் மேல். தன் முறைக்காக அரைமணி நேரம் உட்கார்ந்தே தீர வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள். தூத்துக்குடியில் பொன்.மாரியப்பன் தன் முடிதிருத்தகத்தையே நூலகமாக்கிப் பிரதமரின் வானொலி உரை வரைக்கும் பேசப்பட்டவர். வாசகர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அவர் சரியாகக் கண்டுகொண்டார்.

எங்கள் தெருவின் முடிதிருத்தும் கடையில் இப்போது கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாக்களுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சாண் இடம் கிடைத்திருக்கிறது. வேண்டியவர்கள் வீட்டுக்கே எடுத்துச் செல்லலாம் என்று கடைக்காரர் தானாகவே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறார். எடுத்தவர்களில் ஓரிருவர் பதிலுக்கு வேறு புத்தகங்களையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அவர் எனக்கு விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். “பெரிய கதையா வெச்சிடாதீங்க சார். முடி வெட்டி முடிச்சப்புறமும் எழுந்திருக்க மாட்டேங்கறாங்க, அடுத்த ஆளு உக்கார எடமில்ல.”